தோளுக்கு மட்டும் வெளிச்சம்

கத்தரி என்று அவளுக்குப் பட்டம் கட்டியது டார்க்ரூம்காரர்தான். ஃபிலிம் கழுவிய காலமெல்லாம் மலையேறி, டார்க்ரூமையே ஸ்டோர் ரூம் ஆக்கியாகிவிட்டது. ஆனாலும் அவரை அந்தப் பெயர் விடவில்லை. அதற்குப் பழி தீர்த்துக்கொள்வதுபோல எக்ஸ்ரே பிரிவில் எல்லோருக்கும் ஒரு பட்டம் வைப்பார்.

"இந்தம்மா எடுக்கிற படத்தைப் பாருங்கய்யா. சுண்டுவிரலைக் கேட்டா சுண்டுவிரல் மட்டும்தான் இருக்கும். பக்கத்து விரலோட நகம்கூட எட்டிப் பாக்காது. கத்தரிக்கோல் வெச்சு வெட்டின மாதிரி!"

அன்றிலிருந்து கூட்டிப் பெருக்குகிறவர் முதல் எலும்பு டாக்டர் வரை அவள் எல்லோருக்கும் கத்தரி அக்கா. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. வெளியே முகத்தைச் சுளித்தாலும் உள்ளுக்குள் பெருமைதான்.

எக்ஸ்ரே மெஷினின் தலையில் ஒரு பெட்டி இருக்கும். அதன் முகப்பில் இரண்டு குமிழ்கள். அவற்றைத் திருகினால் உள்ளே இருக்கும் ஈயத் தகடுகள் நகர்ந்து, படுத்திருப்பவரின் உடம்பில் விழும் வெளிச்சக் கட்டம் சுருங்கும் அல்லது விரியும். வெளிச்சம் விழுகிற இடத்தில்தான் கதிரும் விழும். மற்றவர்கள் அந்தக் குமிழ்களை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அவள் மட்டும் குனிந்து, ஒரு கண்ணைச் சுருக்கி, நூல் நூலாகத் திருகுவாள். பட்டனை அழுத்துவதற்கு முன் கடைசியாக இன்னும் ஒரு நூல் உள்ளே தள்ளுவாள். அந்தக் கடைசி நூல் அவளுக்கே உரிய பழக்கம்.

வருஷா வருஷம் வரும் மாணவர்களுக்கு முதல் பாடமே இதுதான்.

"கட்டத்தைப் பெரிசா விட்டா என்ன ஆகும்?"

"வேண்டாத இடத்துல கதிர் படும் அக்கா."

"அது ஒண்ணு. இன்னொண்ணு?"

முழிப்பார்கள்.

"உள்ள போற கதிர் முட்டி மோதி நாலா பக்கமும் சிதறும். சிதறினது அத்தனையும் வந்து படத்து மேல பனி மாதிரி உக்காந்துக்கும். அப்புறம் கறுப்பு கறுப்பா இருக்காது, வெள்ளை வெள்ளையா இருக்காது. எல்லாம் ஒரே சாம்பல். கட்டத்தைச் சுருக்கினா சிதறல் குறையும், படம் பளிச்சுனு வரும். நோயாளிக்கும் நல்லது, படத்துக்கும் நல்லது. இப்படி ரெண்டு பக்கமும் லாபம் வேற எதுல கிடைக்கும் சொல்லுங்க?"

"கல்யாணத்துலயாக்கா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும். எந்த வருஷத்து வகுப்பிலும் அப்படி ஒருத்தன் இருப்பான்.

"அதுல சிதறல்தான் ஜாஸ்தி" என்பாள். வகுப்பு சிரிக்கும். அவளும் சிரித்துவிட்டு, தூரத்தை இரட்டிப்பாக்கினால் கதிர் கால்வாசி ஆகிவிடும் என்கிற கணக்குக்குப் போய்விடுவாள்.

இந்தச் சிக்கனத்துக்கு ஒரு காரணம் உண்டு. அதை அவள் வகுப்பில் சொன்னதில்லை.

கல்யாணமான இரண்டாம் வருஷம் அவளுக்கு நாள் தள்ளிப்போனது. தெரிந்த அன்றே மேலாளரிடம் சொல்லி, மெஷின் அறையை விட்டு வெளியே வந்து, முன்பக்கம் சீட்டு எழுதும் மேஜையில் உட்கார்ந்துகொண்டாள். சட்டையில் குத்தியிருக்கும் கதிர் அளக்கும் பட்டையைச் சோதனைக்கு அனுப்பிப் பார்த்ததில் ஒன்றுமே இல்லை என்றுதான் வந்தது. ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்காமல் அவள் ஒரு தடவைகூடப் பட்டனைத் தொட்டதில்லை. இருந்தும் நாலாம் மாதம் கரு கலைந்தது. டாக்டர், இப்படி எத்தனையோ பேருக்கு ஆகிறது, காரணம் சொல்ல முடியாது என்றார். காரணம் சொல்ல நாத்தனார் இருந்தாள்.

"அந்த ரூம்ல வேலை பாக்கறவங்களுக்குத் தங்காதாமே அண்ணி? எங்க ஆபீஸ்ல பேசிக்கிட்டாங்க. நான் சும்மா கேட்டேன்."

அதற்குப் பிறகு தங்கவில்லை, இல்லை, வரவே இல்லை. ஆனால் அவள் கணவர் ஒரு நாளும், கோபத்தில்கூட, அந்தப் பேச்சை எடுத்ததில்லை. அவர் எடுக்காததாலேயே அது வீட்டில் ஒரு மூலையில் அப்படியே கிடந்தது. கதிர்தான் காரணமா, தெரியாது. இல்லையா, அதுவும் தெரியாது. அன்று தொடங்கித்தான் அவள் கட்டத்தை நூல் நூலாகக் குறைத்தாள்.

கணவர் பெயிண்டர். வீடு, கடை, பள்ளிக்கூடம் என்று எதற்கும் வண்ணம் அடிப்பார். மாலையில் மண்ணெண்ணெய் வாடையோடு வந்து, காது மடலில் ஒட்டியிருக்கும் பெயிண்டைச் சுரண்டிக்கொண்டே அவளைச் சீண்டுவார்.

"நானூத்திச் சொச்சம் கலர் கலக்குறேன் நான். நீ என்னடான்னா கறுப்பு, வெள்ளை ரெண்டை வெச்சுக்கிட்டுச் சம்பளம் வாங்கறே."

"உங்க நானூறுல ஒண்ணாவது உள்ள இருக்கறதைக் காட்டுமா? மூடி மறைக்கறதுதானே உங்க தொழில்!"

"மறைக்கறதுக்குத்தான்மா காசு தர்றாங்க. காட்டறதுக்கு யாரு தருவா?"

சிகரெட் பழக்கம் இருந்தது. அவளுடைய நச்சரிப்பில் விட்டுவிட்டார். விட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது.

ஐம்பதைத் தாண்டியபோது அவருடைய வலது தோள் வலிக்க ஆரம்பித்தது. கூரையைப் பார்த்து ரோலர் தள்ளுகிற கை. வலிக்காமல் என்ன செய்யும் என்று அவரே சொல்லிக்கொண்டார். டாக்டரிடம் போகலாம் என்றால், அந்தப் பள்ளிக்கூட வேலை முடியட்டும் என்பார். அது முடிந்தால் அடுத்தது.

"சரி, டாக்டர் வேணாம். மத்தியானம் என் ஆஸ்பத்திரிக்காவது வாங்க. ஒரு படம் எடுத்துப் பாத்துடறேன்" என்றாள்.

எல்லா எக்ஸ்ரே பிரிவிலும் இந்த வழக்கம் உண்டு. சாப்பாட்டு நேரத்தில் மெஷின் சும்மா இருக்கும்போது, டாக்டர் சீட்டு எதுவும் இல்லாமல், வீட்டு மனிதர்களை உள்ளே கூட்டிவந்து ஒரு படம் எடுத்துக்கொள்வது. தப்பு என்று எல்லோருக்கும் தெரியும். செய்யாதவர் கிடையாது.

அவர் வந்தார். வேலைச் சட்டையைக் கழற்றி, நின்றபடி எடுக்கும் பலகையில் முதுகைச் சாய்த்துக்கொண்டார். அவள் ஈய அங்கியை அவர் இடுப்பில் சுற்றிக் கட்டினாள்.

"என்னம்மா இது, சிமெண்ட் மூட்டையைக் கட்டிவிடறே?"

"பேசாம நில்லுங்க. ஆடினா படம் கலங்கிப்போயிடும்."

வெளிச்சக் கட்டம் அவர் தோளில் விழுந்தது. வழக்கமாகத் தோள் படம் என்றால் கழுத்தடியிலிருந்து தோளுக்கு ஓடும் காறை எலும்பு முழுக்கவும், கழுத்துப் பக்கம் நுரையீரலின் உச்சி கொஞ்சமும் சேர்ந்து விழ வேண்டும். அவளே அப்படித்தான் சொல்லிக்கொடுப்பாள். ஆனால் அன்று கட்டத்துக்குள் நின்றது இவர். நெஞ்சுப் பக்கம் விழுந்த வெளிச்சத்தைப் பார்த்தாள். அங்கே எதற்கு என்று தோன்றியது. வலி மூட்டில்தானே. குமிழைத் திருகினாள். வெளிச்சத்தின் ஓரம் காறை எலும்பின் நடுப்பகுதிக்கு வந்தது. இன்னும் ஒரு நூல். இரண்டாவது கோணத்திலும் எடுப்பது முறை. அதையும் வேண்டாம் என்று விட்டாள். ஒரே ஒரு படம் போதும்.

படம் திரையில் வந்ததும் அவளே அசந்துபோனாள். எலும்புக்குள் ஓடும் நரம்பு நரம்பான கோடுகள்கூடத் தனித்தனியாகத் தெரிந்தன. மூட்டு வழவழவென்று இருந்தது. தேய்மானம் இல்லை, முறிவு இல்லை.

"எலும்பு கல்லு மாதிரி இருக்கு. தசைப்பிடிப்புதான். கொஞ்ச நாள் ரோலரைத் தொடாதீங்க."

"உத்தரவு" என்று சட்டையை மாட்டிக்கொண்டு போனார்.

அந்தப் படத்தை மாணவர்களுக்கு மாதிரியாகக் காட்டும் படங்களோடு சேர்த்துவைத்தாள். யாருடைய தோள் என்று சொல்லவில்லை. "படம்னா இப்படி இருக்கணும்" என்று மட்டும் சொன்னாள். அந்த வருஷத்து வகுப்பு அதைப் பார்த்துத்தான் எழுதிக்கொண்டது.

தைலம் தேய்த்தார். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார். தோளிலிருந்து வலி கையின் உள்பக்கமாக இறங்கி சுண்டுவிரல் வரைக்கும் போனது. பிரஷ் பிடித்தால் கடைசி இரண்டு விரல்களும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கழுத்து எலும்பில் நரம்பு அழுந்தியிருக்கும் என்று அவளே தீர்மானித்து, பயிற்சி கொடுக்கிற பிசியோதெரபி அறைக்கு அனுப்பினாள். தோளில் ஒன்றும் இல்லை என்பதை அவள்தான் கண்ணால் பார்த்துவிட்டாளே.

வெயில் காலம் வந்தது. ஒருநாள் வேலை முடிந்து வந்தவரின் முகத்தைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இடது பாதி முகம் வேர்வையில் குளித்திருந்தது. வலது பாதி காய்ந்த சுவர் மாதிரி இருந்தது.

"என்ன, ஒரு கோட்டு அடிச்சுட்டுப் பாதியில விட்டுட்டாங்களா?"

"அதான் எனக்கும் புரியல. வெயில் ஒரு பக்கமாத்தான் அடிக்குது போல."

வலது கண் இமையும் லேசாகச் சரிந்திருந்தது. இவ்வளவு வயசுக்கு மேல் கண்ணடிக்க வேண்டுமா என்று கேட்டாள். "பொண்டாட்டியைப் பாத்துத்தானே அடிக்கறேன், பக்கத்து வீட்டையா பாத்தேன்" என்றார்.

மறுநாள் டீ நேரத்தில் இந்தக் கதையை அவள் அபிநயத்தோடு சொன்னாள். டார்க்ரூம்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். டீ வாங்க வந்திருந்த நுரையீரல் டாக்டரும் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"எந்தப் பக்கம் வேர்க்கல?"

"வலது சார்."

"கண்ணு?"

"அதுவும் வலதுதான்."

"தோள்வலின்னு சொன்னீங்களே, அது?"

அதுவும் வலதுதான் என்று அவள் சொல்வதற்குள் டாக்டர் டீயைக் குடிக்காமலே கீழே வைத்தார். "அவரைக் கூட்டிட்டு வாங்க. நெஞ்சுப் படம் ஒண்ணு எடுத்துடலாம்" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அந்தச் சாதாரணம் அவளுக்குப் பழக்கமானது. கெட்ட செய்தி சொல்லப்போகிற டாக்டர்கள் எல்லோரும் அந்தக் குரலில்தான் பேசுவார்கள்.

வேறு யாரையும் எடுக்க விடாமல் அவளே எடுத்தாள். அவர் நெஞ்சைப் பலகையில் பதித்து, இரண்டு தோள்களையும் முன்னால் தள்ளி நின்றார். அவள் கண்ணாடிக்குப் பின்னால் போய் மைக்கில் சொன்னாள், ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சொன்னதை:

"மூச்சை நல்லா உள்ள இழுங்க. அப்படியே பிடிச்சுக்கோங்க."

பட்டனை அழுத்தினாள். மெஷின் ஒரு சத்தம் போட்டு அடங்கியது. திரையில் படம் மேலிருந்து கீழாக விரிந்தது. இடது நுரையீரலின் உச்சி கறுப்பாக, காற்று நிறைந்து, இருக்க வேண்டிய மாதிரி இருந்தது. வலது உச்சியில் கறுப்பே இல்லை. அங்கே ஒரு வெள்ளைக் குல்லாய் கவிழ்த்துவைத்த மாதிரி இருந்தது. அதன் அடியில் முதல் விலா எலும்பு பாதி வரைக்கும் வந்து, பிறகு காணாமல் போயிருந்தது.

படம் எடுக்கிறவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. நோயாளி வெளியே வந்ததும் முதலில் பார்ப்பது டெக்னீஷியனின் முகத்தைத்தான். அதனால் முகத்தில் எதுவும் இருக்கக் கூடாது. இத்தனை வருஷத்தில் அவள் தவறியதில்லை. அன்று முகத்தைச் சரிசெய்ய நின்றதில் இன்னொன்று தவறிவிட்டது.

உள்ளேயிருந்து நெஞ்சு அடைத்த குரல் வந்தது.

"ஏம்மா... விடலாமா?"

மூச்சை விடச் சொல்ல மறந்திருந்தாள். அவர் அவ்வளவு நேரமும் பிடித்துக்கொண்டே நின்றிருந்தார்.

"விடுங்க" என்றாள். "விட்டுடுங்க."

அதற்குப் பிறகு நடந்தவை எல்லாம் வேகமாக நடந்தன. ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். பெரிய மெஷினுக்குள் படுக்கவைத்தார்கள். நுரையீரலின் உச்சியில் வளர்ந்த கட்டி கைக்கும் முகத்தின் அந்தப் பக்கத்துக்கும் போகும் நரம்புகளைப் பிடித்திருந்தது. கல்லீரலிலும் புள்ளிகள் இருந்தன. அறுவை சிகிச்சைக்கு இடமில்லை என்றார்கள்.

நுரையீரல் டாக்டர் கேட்டார்: "இதுக்கு முன்னாடி ஏதாவது படம் எடுத்திருக்கீங்களா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் கணவர் முந்திக்கொண்டார். "எடுத்தாளே டாக்டர். வீட்லயே டெக்னீஷியன் இருக்கும்போது எடுக்காம இருப்பாளா? போன மழை சமயத்துல எடுத்தா. எலும்பு கல்லு மாதிரி இருக்குன்னு சொன்னா."

அவள் அந்தப் படத்தை டாக்டருக்கு மட்டும் தனியாகக் காட்டினாள். டாக்டர் வெகு நேரம் பார்த்தார். பிறகு படத்தின் உள் ஓரத்தில், காறை எலும்பு வெட்டுப்பட்டு நின்ற இடத்தில், பேனா முனையை வைத்தார்.

"கொஞ்சம் அகலமா விட்டிருந்தா தெரிஞ்சிருக்குமா சார்?"

"தெரிஞ்சிருக்கலாம். அப்ப ரொம்பச் சின்னதா இருந்து தெரியாமலும் போயிருக்கலாம்."

"எனக்கு ஒண்ணு சொல்லுங்க சார். ஆமான்னாவது, இல்லைன்னாவது."

"இல்லாத படத்தை நான் எப்படிம்மா படிக்கிறது?" என்றார் டாக்டர். இரக்கத்தோடுதான் சொன்னார்.

அவளை யாராவது திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். யாரும் திட்டவில்லை. எலும்பு டாக்டர், இந்த நோயே இப்படித்தான், தோள்வலி மாதிரி வேஷம் போட்டு எங்களையே ஏமாற்றும் என்றார். டார்க்ரூம்காரர் அவளைப் பட்டப் பெயரில் கூப்பிடுவதை நிறுத்திவிட்டு 'அம்மா' என்று கூப்பிட்டார். அது அவளுக்கு அடி விழுந்ததுபோல இருந்தது. மாதிரிப் படங்களிலிருந்து அந்தப் படத்தை எடுத்துவிட்டாள். ஏன் எடுத்தீர்கள் என்று ஒரு மாணவி கேட்டாள். காறை எலும்பு முழுசா விழலையே, பாத்தீங்களா என்று மட்டும் சொன்னாள். அதற்கு மேல் அன்று பாடம் நடக்கவில்லை.

கணவரை நாலு பேர் படுக்கும் அறையில் சேர்த்தார்கள். சுவரை ஒட்டிய கட்டில். அவர் வந்த கொஞ்ச நேரத்திலேயே பக்கத்துக் கட்டில்களைச் சிநேகம் பிடித்துவிட்டார். அறையின் சுவரைப் பார்த்து, இது யாரோ வேலை தெரியாதவன் அடித்தது, அடிக்கோட்டு காய்வதற்குள் மேல்கோட்டு போட்டிருக்கிறான் என்று தீர்ப்புச் சொன்னார். அடுத்து அவளைப் பற்றி ஆரம்பித்தார்.

"எம் பொண்டாட்டி எடுக்கிற படம் மாதிரி இந்த ஆஸ்பத்திரியில எவனும் எடுக்க முடியாது. டாக்டருங்களே சொல்வாங்க. முதல்ல பாத்ததே அவதான். எனக்கு ஒண்ணுன்னா துடிச்சுப்போயிடுவா."

அவள் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவாள். குழாயடியில் நின்று, நிரம்பிய பாட்டிலைக் கொட்டி மறுபடி நிரப்புவாள். சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அவர் பொண்டாட்டியைப் பற்றிப் பெருமை பேசிக்கொண்டே போய்ச் சேர்ந்துவிடுவார். சொன்னால், மிச்சம் இருக்கிற கொஞ்ச காலத்தையும் அவருக்குக் கெடுத்தவள் ஆவாள். எது அவருக்குச் செய்கிற நல்லது, எது தனக்குச் செய்துகொள்கிற நல்லது என்று பிரித்துப் பார்க்க அவளால் முடியவில்லை.

பார்க்க வந்த நாத்தனார் தாழ்வாரத்தில் அவளை நிறுத்தினாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி. ஊருக்கெல்லாம் படம் எடுக்கறீங்க. வீட்ல இருக்கிற மனுஷனுக்கு இவ்வளவு முத்துற வரைக்கும் தெரியாமப் போச்சேன்னு மனசு ஆறல."

"ஆமா" என்றாள் அவள்.

சண்டைக்குத் தயாராக வந்த நாத்தனாருக்கு அந்த 'ஆமா' என்ன செய்வதென்று தெரியாமல் ஆகிவிட்டது. அப்புறம் அண்ணியின் தோளில் சாய்ந்து அழுதாள்.

வலி குறையட்டும் என்று கதிர் வைத்தியம் கொடுக்கத் தீர்மானித்தார்கள். வியாதியைத் தீர்க்க இல்லை, ராத்திரி தூங்குவதற்கு. படம் எடுக்கிற கதிரைப்போலப் பல ஆயிரம் மடங்கு போகும். அதிலிருந்து ஒரு நூல் மிச்சம் பிடிக்கத்தான் அன்றைக்குக் குமிழைத் திருகினாள். மெஷினுக்குப் போவதற்கு முன் அவருடைய மார்பிலும் தோளிலும் மையால் கட்டம் போட்டார்கள். கட்டியின் விளிம்போடு நிறுத்தாமல் நாலு பக்கமும் ஓரம் விட்டுத்தான் போட்டார்கள். ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் எதுவும் தப்பிவிடக் கூடாது என்று போட்டவர் விளக்கினார்.

அறைக்குத் திரும்பியதும் அவர் சட்டையை விலக்கி அந்த மைக்கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோடு போட்டு வண்ணம் அடித்தே வாழ்ந்தவர். கட்டம் என்றால் அவர் கண் அளந்துவிடும்.

"இவ்வளவு பெரிசாப் போட்டிருக்காங்களே" என்றார். "நீ அன்னிக்குப் படம் எடுத்தப்ப வெளிச்சம் இத்தனூண்டுதானே விழுந்துச்சு? இதோ, இதுவரைக்கும்தான் வந்துச்சு." இடது கை விரலால் காறை எலும்பின் நடுவில் தொட்டுக் காட்டினார். சரியாக அதே இடம்.

வேறு எதுவும் மனசில் வைத்துக்கொண்டு கேட்கவில்லை அவர். அதனால்தான் அவளால் பொய் சொல்ல முடியவில்லை.

"ஆமா. அதுவரைக்கும்தான். இன்னும் நாலு விரல் உள்ள விட்டிருக்கணும். விட்டிருந்தா நுரையீரலோட உச்சியும் விழுந்திருக்கும். அப்படித்தான் எடுக்கணும், நானே அப்படித்தான் சொல்லிக்கொடுக்கறேன். உங்களுக்கு மட்டும் வெட்டிட்டேன்."

அவர் விரல் அங்கேயே நின்றது.

"விழுந்திருந்தா?"

"அப்பவே தெரிஞ்சிருக்கலாம். தெரியாமலும் போயிருக்கலாம். டாக்டரைக் கேட்டேன். யாராலும் சொல்ல முடியாதுங்கறார்."

அவர் சட்டைப் பித்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டார். வலது கை விரல்கள் ஒத்துழைக்காததால் அதற்கு நேரம் பிடித்தது. உதவ வந்த அவள் கையைத் தள்ளவில்லை. ஆனால் அந்தக் கை அங்கே இருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

அன்றும் மறுநாளும் அவர் அவளோடு பேசவில்லை. நர்ஸ் கேட்டால் பதில் சொன்னார். பக்கத்துக் கட்டில்காரர் மகனுக்கு வேலை கிடைத்த கதையைக் கேட்டார். தங்கையிடம் வீட்டு வாடகையைப் பற்றிப் பேசினார். அவள் ஊட்டினால் வாயைத் திறந்தார், போதும் என்றால் திருப்பிக்கொண்டார். பொண்டாட்டி எடுக்கும் படத்தைப் பற்றி மட்டும் அந்த அறையில் அப்புறம் பேச்சே இல்லை. எண்ணிப்பார்த்தால் கைக்கு அடங்குகிற நாட்கள்தான் மிச்சம் இருந்தன. அதில் இரண்டை இப்படிச் செலவழிக்க வைத்துவிட்டேனே என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. சொல்லியிருக்க வேண்டாமோ என்று நினைத்தாள். ஆனால் சொல்லாமல் இருந்திருந்தால் என்று நினைக்கும்போது, அவருடைய விரல் அந்த எலும்பின் மேல் நிற்பது கண்ணில் வந்தது.

மூன்றாம் நாள் காலை, வெயில் ஜன்னல் வழியாகக் கட்டில் காலுக்கு வந்தபோது, கூரையைப் பார்த்தபடியே பேசினார்.

"ஒண்ணு கேக்கறேன். சமாதானம் பண்றதுக்குச் சொல்லாதே. நடந்ததைச் சொல்லு."

"கேளுங்க."

"என் இடத்துல வேற யாராவது நின்னிருந்தா, யாரோ ரோட்ல போறவன், அவனுக்கும் அப்படித்தான் வெட்டியிருப்பியா?"

இந்தக் கேள்வியை அவள் தன்னிடம் கேட்டுக்கொண்டதே இல்லை. ஆனால் பதில் தயாராக இருந்தது, கேட்கக் காத்திருந்ததுபோல.

"இல்ல. வேற யாருன்னா விட்டிருப்பேன். ரெண்டாவது படமும் எடுத்திருப்பேன்."

"அப்ப எனக்குன்னு ஸ்பெஷலாப் பண்ணியிருக்கே." உதடு கோணிற்று. சிரிப்பு என்று சொல்ல முடியாது. "எதுக்கு அவ்வளவு பயம்?"

அவள் போர்வையின் ஓரத்தை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். எத்தனையோ வருஷமாக அந்த வீட்டு மூலையில் கிடந்ததை அவர்தான் எடுத்தார்.

"அந்தக் குழந்தைக்காகவா?"

அவள் தலையாட்டினாள். கண்ணிலிருந்து தானாகக் கொட்டியது. பக்கத்துக் கட்டில்காரர் பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார்.

"அது உன்னாலன்னு நான் ஒரு நாளும் நினைச்சதில்லம்மா. சத்தியமா இல்ல. உங்கிட்ட சொல்லியிருக்கணும். சொன்னா ஞாபகப்படுத்தின மாதிரி ஆயிடுமேன்னு வாயை மூடிக்கிட்டே இருந்துட்டேன். நீ இப்படி உள்ளயே வெச்சுக்கிட்டு இருப்பேன்னு தெரியாமப் போச்சு."

அவள் அழுது முடிக்கும் வரை காத்திருந்தார். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, குரல் திரும்பி வந்ததும், கேட்கக் கூடாது என்று தெரிந்தே கேட்டாள்.

"இது?"

அவர் யோசித்தது அவளுக்குத் தெரிந்தது. ஒரு சொல் சொல்லிவிட்டால் அவளுக்கு ஆயுசுக்கும் போதும். அந்தச் சொல் தன்னிடம் இருக்கிறதா என்று உண்மையாகவே தேடிப்பார்த்தார்.

"இது தெரியலம்மா" என்றார். "இல்லைன்னு சொல்லணும்னுதான் ரெண்டு நாளா பாக்கறேன். வரமாட்டேங்குது. இன்னும் கொஞ்சம் உசுரோட இருந்திருக்கலாமோன்னு தோணுது. உம்மேல கோவம்னு இல்ல. ஆனா தோணுது."

"தோணத்தான் செய்யும்" என்றாள் அவள்.

தாழ்வாரத்தில் மருந்து வண்டியின் சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டு போனது. அவருக்கு முகம் சுருங்கியது. வலி ஏறுகிறது என்று அவள் கண்டுகொண்டாள்.

"திருப்பிவிடு. இந்தப் பக்கம் தாங்கல."

வலது தோளை அழுத்தாமல் இருக்க வேண்டுமென்றால் இடது பக்கமாகத்தான் படுக்க வேண்டும். இடது பக்கம் சுவர். மெஷின் மேஜையில் எத்தனையோ உடம்புகளைத் திருப்பிய கை அவளுடையது. விரிப்பை இரண்டு கையாலும் பிடித்து, அவருடைய எடையை விரிப்புக்குக் கொடுத்து, மெல்ல உருட்டினாள். முதுகுக்கு ஒரு தலையணை, மேல் கைக்கு ஒரு தலையணை வைத்தாள்.

இப்போது அவர் முகம் சுவரைப் பார்த்து இருந்தது. முதுகுதான் அவளுக்குத் தெரிந்தது, சட்டைக் கழுத்துக்கு மேல் மையின் ஒரு முனையும்.

"இங்க என்ன இருக்கு, இந்த மட்டமான பெயிண்டைத் தவிர?" என்றார் சுவரிடம்.

அவள் எழுந்தாள். கட்டிலின் கால் பக்கத்தைத் தூக்கி ஒரு முழம் இழுத்தாள். தலைப்பக்கத்தையும் இழுத்தாள். சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு ஆள் ஒண்டுகிற அளவுக்கு இடம் வந்தது. நாற்காலி அதற்குள் போகவில்லை. அவளே முதுகைச் சுவரில் உரசிக்கொண்டு உள்ளே நுழைந்து, அவர் முகத்துக்கு நேராகத் தரையில் குந்தினாள். சரிந்த இமைக்குக் கீழே அந்தக் கண் பாதிதான் தெரிந்தது. மற்றது அவளை முழுசாகப் பார்த்தது.